கிறிஸ்துமஸ் லீவு தாய்க்கு

தென்காசியில் இறங்க வேண்டிய நாங்கள் செங்கோட்டையில் இறங்கினோம். தப்பு என்னுடையதுதான். கப்பலில் குமட்டி, ரெயிலில் கரி தின்று, வழி நெடுகக் கண் மூடாமல் வந்தவள், போய்ச் சேரும் நேரம் பார்த்து ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். பக்கத்தில் செண்பகம் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். தென்காசி என்று எழுதிய பலகையை அவள் படித்தாள். படித்தும் என்னை எழுப்பவில்லை. ஏன் என்று கேட்டேன். "நல்லா தூங்கினீங்க, சித்தி. எழுப்ப மனசு வரலை" என்றாள். வருஷம் முழுக்க இந்த லீவை விரல்விட்டு எண்ணுகிற பிள்ளை, ஊர் வந்ததும் இறங்கத் தயங்கியது எனக்கு அப்போது விளங்கவில்லை.

செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. நாங்கள் வந்ததோ இங்கிலீஷ்காரன் சீமை வழியாக. அதனால் பிளாட்பாரத்திலேயே சுங்கச் சிப்பாய் ஒருவர் எங்கள் தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கடல் தாண்டியபோது இரண்டு கரையிலும் சோதனை போட்டார்கள். தூங்கிப்போன குற்றத்துக்கு இங்கே இன்னொன்று. புகையிலை உண்டா, உப்பு உண்டா என்று பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகக் கேட்டார். இருந்ததெல்லாம் ஒரு பொட்டலம் தேயிலை, ஒரு டின் பிஸ்கட்டு, செண்பகத்தின் பாவாடை சட்டைகள், பள்ளிப் புஸ்தகங்கள். தேயிலையை மோந்து பார்த்துவிட்டு, கூட வருவது என் குழந்தைதானா என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

"இல்லை. இவங்க சித்தி. அம்மா தென்காசியில் இருக்காங்க" என்றாள் செண்பகம்.

சிப்பாய் எங்கள் இருவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டியை மூடச் சொன்னார். பிள்ளை சொன்னது உண்மைதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

யார் யார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கொழும்பில் பிறந்தவள். செட்டியார் தெருவில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அதுவரை கடல் தாண்டியவள் இல்லை. இந்தியா எனக்கு அந்நிய தேசம். என் கணவர் சுப்பையா தென்காசிக்காரர், கொழும்புத் துறைமுகத்தில் கிளார்க்கு. அவருடைய முதல் மனைவி கோமதி. அவர்களுடைய ஒரே பிள்ளை செண்பகம். எனக்குப் பிள்ளை இல்லை.

கோமதி கப்பலேற மாட்டேன் என்றாள். இவர் கொழும்பு உத்தியோகத்தை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். சில வருஷம் ஆளுக்கொரு கரையில் இருந்து பார்த்துவிட்டு, அவர்கள் சாதி வழக்கப்படி ஊர்ப் பெரியவர்கள் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். அடிதடி இல்லை, கோர்ட்டு இல்லை. எங்கள் பக்கம் அந்த வழக்கமில்லை. தாலி கட்டிய உறவு ஒரு துரும்பில் தீருமா என்று நான் கேட்டபோது, "தீர்த்தது துரும்பு இல்லை, நடுவில் கிடந்த தண்ணீர்" என்றார் இவர்.

பிள்ளை விஷயத்தில்தான் பெரியவர்கள் பொழுது சாய்கிற வரை உட்கார்ந்திருந்தார்களாம். கொழும்பில் நல்ல பள்ளிக்கூடம் இருப்பதால் வளர்ப்பு தகப்பனுக்கு. பள்ளிக்கூடத்தில் விடுகிற கிறிஸ்துமஸ் லீவு தாய்க்கு. தகப்பன் வீட்டார் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போக வேண்டும். இது வரைக்கும் சண்டையில்லை. பிள்ளை பெரியவளானால் சடங்கு யார் செய்வது, யார் கட்டிக் கொடுப்பது என்பதில் இரண்டு பக்கமும் விடாப்பிடி. வாதாடி அலுத்துப்போய்க் கடைசியில் ஆண்டவன் தலையில் போட்டுவிட்டார்கள். எந்த வீட்டுப் பொறுப்பில் இருக்கும்போது பிள்ளை பெரியவளாகிறாளோ, அந்த வீடே சடங்கு செய்ய வேண்டும். அந்த வீட்டார் சொல்லுகிற இடத்தில்தான் கல்யாணம். மற்ற வீடு வாய் திறக்கக் கூடாது.

வருஷத்தில் பெரும்பகுதி பிள்ளை எங்களிடம். லீவு நாள் சொற்பம். கணக்கு எங்கள் பக்கம்தான் என்று இவர் சிரிப்பார். நான் சிரிப்பதில்லை. செண்பகத்துக்குப் பதின்மூன்று நடக்கிறது. வருஷா வருஷம் இவரே கொண்டுபோய் விடுவார். இந்த வருஷம் துறைமுகத்தில் லீவு கொடுக்கவில்லை. ஆகவே நான்.

செங்கோட்டையிலிருந்து ஜட்கா பிடித்தோம். பாதையின் இரண்டு பக்கமும் நெல். மேற்கே மலை, அதன் இடுப்பில் மேகம். கொழும்பில் ஓயாத டிராம் மணியும் ரிக்‌ஷாக்காரன் கூச்சலும் கேட்டுப் பழகிய காதுக்கு, இந்த அமைதி முதலில் உபத்திரவமாகவே இருந்தது. தென்காசிக் கோபுரம் மேல்நிலைகள் இல்லாமல் மொட்டையாக நின்றது. இடி விழுந்து போனது என்றான் வண்டிக்காரன். யாரும் திருப்பிக் கட்டவில்லையா என்று கேட்டேன். "கெட்டுவாவ, கெட்டுவாவன்னு எங்க அய்யாவும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாவ" என்றான்.

கோமதி தன் அண்ணன் வேலாயுதம் வீட்டில் இருக்கிறாள். அவர் போலீஸில் ஏட்டு. ஊர் முழுக்க ஏட்டையா. நாங்கள் போனபோது வாசலில் கோமதிதான் நின்றாள். நான் மனதில் எழுதி வைத்திருந்த கோமதி வேறு: பயந்தாங்கொள்ளி, கிராமத்துப் பெண், மூக்கைச் சிந்துகிறவள். இவளோ நெடுநெடுவென்று, முழங்கை வரை சேறு காய்ந்து, வயலிலிருந்து நேரே வந்து நின்றாள். பிள்ளையைக் கட்டிக்கொள்ளவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னலைப் பிடித்துப் பார்த்தாள்.

"எண்ணெ வைக்கியா இல்லியாட்டி?" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அவிய வரலியா?" என்றாள்.

"லீவு கிடைக்கலை" என்றேன்.

"சரி, உள்ள வாங்க. கால் கழுவுங்க."

எனக்கு முதலில் இலை போட்டாள். சிறிய வெங்காயத் தீயலும், அவியலும், சுட்ட அப்பளமும். எங்கள் வீட்டில் தேங்காயைப் பாலாகப் பிழிவோம். இங்கே அதைக் கருக வறுத்து அரைக்கிறார்கள். வாய்க்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று சொல்ல எனக்கு மறுநாள்தான் மனது வந்தது. செண்பகத்துக்குத் தாய் உருட்டிக் கொடுத்தாள். என் வீட்டில் தானே கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிற பிள்ளை, இங்கே கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தது.

சாயங்காலம் ஏட்டையா வந்தார். நல்ல மனிதர், கணீரென்ற குரல். பிஸ்கட்டு டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ராஜா ராணி படம் நன்றாக இருக்கிறது என்றார். செண்பகத்தை நிற்க வைத்து உயரம் பார்த்தார்.

"வளந்துட்டாளே. அடுத்த வருஷம் இந்தப் பாவாட பத்தாது, கோமதி" என்றார். பிறகு என்னிடம், மறைக்காமல், "நம்ம பையன் ரிசர்வ் போலீசுல சேந்திருக்கான்மா. முறைப் பையன். சாமி நம்ம பக்கம் கண்ணத் தொறந்தா பிள்ள இங்கனயே இருந்துருவா" என்றார்.

அவர் மனதில் கள்ளமில்லை. அக்காள் தங்கை பிள்ளையை வீட்டுக்கு எடுப்பது அவருக்குச் சோறு உண்பது மாதிரி இயற்கை. செண்பகம் தலையைக் குனிந்துகொண்டு காலால் தரையைத் தேய்த்தாள். தென்காசிப் பலகையைப் படித்தும் அவள் ஏன் என்னை எழுப்பவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மாவைப் பார்க்க ஆசை. அந்த வீட்டில் கால் வைக்கப் பயம்.

நான் ஊர் திரும்பிவிட்டு மறுபடி வருவது கட்டுப்படியாகாது என்பதால் லீவு முடியும் வரை அங்கேயே தங்கினேன். யாரும் போ என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு பிள்ளை இருப்பது லேசான காரியமில்லை. நான் தலை சீவி விட்டால் கோமதி அதை அவிழ்த்து எண்ணெய் தேய்த்து மறுபடி பின்னுவாள். அவள் புளிக்குழம்பு ஊற்றினால் நான் பிள்ளைக்கு ஆகாது என்பேன். செண்பகம் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, ராத்திரி தாயின் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். பொறாமை என்பதற்கு வேறு நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று கோவில் மணி கேட்டது. ஊர்க் கோவில் மணி இல்லை, இரண்டு தெரு தள்ளியிருந்த சிறிய மாதா கோவிலின் மணி. கொழும்பில் அன்று கொச்சிக்கடைப் பக்கம் நடக்க முடியாது. தெருவெல்லாம் வெளிச்சக்கூடு, கேக்கு, பட்டாசு. இங்கே அந்த நாளுக்கு அடையாளம் ஏட்டையாதான். விடியற்காலையிலேயே குளித்து, உடுப்பு மாட்டி, புளியங்குடியிலிருந்து வரவழைத்த எலுமிச்சம்பழமும் ரோஜா மாலையும் ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு, மேலதிகாரி துரைக்குக் கிறிஸ்துமஸ் மரியாதை செய்யப் புறப்பட்டார். திரும்பி வந்து, துரைக்கு ஜலதோஷம், பட்லர்தான் தட்டை வாங்கிக்கொண்டான் என்றார். உடுப்பைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அன்று பகலில் கோமதி வயலுக்குப் போனாள். செண்பகம் கூடப் போக, நானும் போனேன். களை எடுக்கிற பெண்கள் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். சுரண்டைச் சந்தையில் உப்புப் பொட்டலம் கட்டிக் கொடுத்த காகிதம் ஒன்றை ஒருத்தி எடுத்து, "கொழும்புப் பிள்ள, இதுல என்ன போட்டிருக்கு?" என்றாள். பழைய பத்திரிகைத் தாள். செண்பகம் அதை வாசித்தாள். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரம். இந்தப் படிப்பு இருக்க வேண்டும், இந்த வயது இருக்க வேண்டும் என்று அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பொம்பளைக்குச் சம்பளமா, தங்க இடமுமா என்று ஆளுக்கு ஒன்றாகக் கேட்டார்கள். அவள் ஒவ்வொருத்திக்கும் பதில் சொன்னாள். பாடம் நடத்துகிற என் தோரணை அப்படியே அவளிடம் இருந்தது.

கோமதி கஞ்சியைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்புகிற வழியில் பிள்ளையை முன்னால் விட்டு என்னோடு நடந்தாள். அவளாக என்னிடம் பேசியது அதுதான் முதல்.

"டீச்சர் ஆவேன்னு சொல்லுதா. ஆவாளா?"

"ஆவாள். இன்னும் நாலு வருஷம் படிக்கணும். அப்புறம் டிரெயினிங்."

"நல்லா படிக்காளா, இல்ல எனக்காகச் சொல்லுதியளா?"

"வகுப்பில் முதல் பிள்ளை. பொய் சொல்லி எனக்கு என்ன லாபம்?"

அவள் வரப்பில் ஒரு நண்டு வளையைக் காலால் மிதித்து அடைத்துவிட்டு நடந்தாள்.

அந்த வருஷம் லீவு முடிகிற சமயத்தில் மார்கழித் திருவாதிரை வந்தது. குற்றாலத்தில் அது பெரிய விசேஷம். சித்திர சபையில் விடியற்காலை நடராஜருக்குத் தீபாராதனை பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். தரிசனத்தை முடித்துக்கொண்டு, நேரே தென்காசி ஸ்டேஷனுக்கு வந்து பகல் வண்டியில் நானும் செண்பகமும் புறப்படுவது என்று ஏற்பாடு. பெட்டியை ஏட்டையா ஸ்டேஷனில் சேர்த்துவிடுவார். அதுவரைக்கும் அவருக்குத் திருவிழா பந்தோபஸ்து. அவர் மனைவி, மாடு கன்று போடுகிற சமயம் என்று வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

பஸ் பாதி வழியில் புகைவிட்டு நின்றது. டிரைவர் மூடியைத் திறந்து பார்த்து, தண்ணீர் வற்றிவிட்டது என்றான். பின் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "ஏலே, அருவிக்குப் போற பஸ்ஸுக்குத் தண்ணி இல்லன்னு சொல்லுதியேலே, ஒனக்கே நல்லா இருக்கா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. வாய்க்கால் பக்கத்திலேயே ஓடியது. திருவாதிரைக் களி வாங்கக் கொண்டுவந்த தூக்குச் சட்டிகளில் ஆளுக்கொரு சட்டி மொண்டு ஊற்றினோம். கோமதியும் நானும் ஒரே சட்டியைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினோம். அந்த ஒரு தடவை அவளும் சிரித்தாள்.

சத்திரத்தில் நல்ல கூட்டம். எங்களுக்குப் பின்கட்டில் ஒரு மூலை கிடைத்தது. விடிவதற்கு முன்னால், ஜனங்கள் எழுந்து சித்திர சபைக்குப் புறப்படுகிற சந்தடியில், செண்பகம் என் தோளைத் தொட்டாள். கோமதி கிணற்றடிக்குப் போயிருந்தாள். பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது. காதோடு சொன்னாள். பிறகு, "சித்தி, நான் இங்கேயே இருந்துடணுமா?" என்று கேட்டாள்.

அவளை முழுக்கப் போர்த்தி, செய்ய வேண்டியதைச் செய்து, மூலையில் உட்கார வைத்தேன். பகல் வண்டிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். ஏட்டையாவுக்குத் தெரியாது, கோமதிக்குத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டால் போதும். பிள்ளை என் பிள்ளை. அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. என் இடத்தில் இருந்தால் யாரும் நினைப்பார்கள்.

கோமதி ஈரக்கையோடு வந்தாள். பிள்ளை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "குளிருதாட்டி?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்தேன். பதின்மூன்று வருஷம் இந்த ஒரு சேதிக்காகக் காத்திருந்த தாய். என்னால் முடியவில்லை. அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அவள் சந்தோஷப்படுவாள், கையெடுத்துக் கும்பிடுவாள், அண்ணனுக்கு ஆள் அனுப்புவாள் என்று நான் நினைத்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"எங்கிட்ட ஏன் சொன்னிய? சொல்லாம கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா."

"உங்க பிள்ளை" என்றேன்.

வெளியே ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். சத்திரம் காலியாகிக்கொண்டிருந்தது. அவள் தலையை நிமிர்த்தாமல், மெல்லச் சொன்னாள்:

"யார்கிட்டயும் மூச்சு விடாதிய. அங்கன போயி, கொஞ்ச நாள் கழிச்சு, எங்க அண்ணனுக்குத் தந்தி அடிங்க. பிள்ள கொழும்புல பெரியவளாயிட்டான்னு."

எனக்குப் புரியவில்லை. "அக்கா, நீங்க சொல்றது..." என்றேன். அவளை நான் அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

"இங்கன சொன்னா இன்னைக்கே ஓலக் குச்சில் கெட்டி உக்கார வச்சிருவாவ. தை பொறந்தா பரிசம். எங்க அண்ணன் கெட்டவன் இல்ல, பையனும் நல்ல பையந்தான். ஆனா எம் பிள்ள புஸ்தகத்த மூடிருவா. வயக்காட்டுல அவ வாசிச்சத நான் கேட்டேம்லா." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "அன்னைக்கு எனக்குப் பயம். கடல நான் பாத்ததே இல்ல. பயந்துக்கிட்டே ஒரு வாழ்க்கைய விட்டேன். பயமில்லாம கப்பலேறுத பிள்ளயப் பெத்துட்டு, நானே கெட்டிப் போடவா?"

"சடங்கு உங்க கையில் நடக்க வேண்டியது. கல்யாணமும் எங்கள் பக்கம் போயிடும். உங்களுக்கு என்ன மிச்சம்?"

"லீவுக்கு அனுப்புவியளா?" என்றாள். "பெரியவளான பிள்ளயக் கடல் தாண்டி அனுப்ப மாட்டேன்னு அவிய சொன்னா?"

"நானே கொண்டுவருவேன். அவர் என்ன சொன்னாலும் கொண்டுவருவேன்" என்றேன்.

"அவியகிட்டயும் இப்பம் சொல்லாதிய. ஆம்பளைக்குத் தெரிஞ்சா என்னைக்காவது பெருமைக்குச் சொல்லிருவாவ" என்றாள். நான் இவருக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னேன். ஏட்டையா இன்று இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

பிறகு எனக்கு, பெரியவளான பிள்ளைக்குக் கொடுக்கிற உளுந்தங்களி கிண்டச் சொல்லிக் கொடுத்தாள். உளுந்தை எப்படி வறுப்பது, கருப்பட்டிப் பாகு எந்தப் பதம், நல்லெண்ணெய் எவ்வளவு, முதல் நாள் எத்தனை உருண்டை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் திருப்பிச் சொல்லக் கேட்டாள். ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னேன், அதட்டித் திருத்தினாள். எண்ணெயைக் குறைத்துவிடக் கூடாது, பிள்ளை முகம் சுளித்தாலும் விடக் கூடாது என்றாள். கொழும்பில் நல்ல உளுந்து கிடைக்குமா என்று அவளுக்குச் சந்தேகம். கிடைக்கும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

சித்திர சபையில் மேளம் தொடங்கிவிட்டது. கோமதி பிள்ளையைக் கையைப் பிடித்து எழுப்பினாள். வருகிறவர்கள் எல்லாரும் தரிசனத்துக்கு ஓட, நாங்கள் மூவரும் எதிர்த் திசையில் அருவிக்குப் போனோம். வருஷா வருஷம் அவள் தவறாமல் பார்க்கிற தீபாராதனை அது. அன்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மனம் உறுத்தியது.

"திருநாளும் அதுவுமா, தீட்டோடு இங்கே..." என்று இழுத்தேன்.

"ஓடுத தண்ணிக்கு ஏது தீட்டு?" என்றாள். "மொதத் தண்ணி அத்தக்காரிதான் ஊத்தணும், தாய் ஊத்தக் கூடாது. இன்னைக்கு அருவி ஊத்தட்டும்."

அருவியைப் பற்றி நான் நிறைய எழுதலாம் என்று கொழும்பிலிருந்து வரும்போதே நினைத்திருந்தேன். முந்தின நாள் மலையில் நல்ல மழை. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் பாறை முழுவதும் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நிற்கிறவர் பேச்சுக் கேட்காது. பெண்கள் குளிக்கிற பக்கம் ஆளே இல்லை. இதற்கு மேல் அருவியைப் பற்றி எழுத எனக்குத் தோன்றவில்லை.

செண்பகம் முதலில் பயந்தாள். கட்டிய பாவாடையோடு தாய் அவளை அணைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனாள். நான் ஒரு பக்கம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் தலையில் அறைந்தது, மூச்சுத் திணறியது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இந்தச் சீமையில் ஒரு பெண் பெரியவளானால் வீட்டுப் பெண்கள் குலவை போடுவார்கள். நாக்கை அசைத்து நீளமாக எழுப்புகிற அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தெருவுக்குச் சேதி தெரியும். தாய்க்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. அருவிக்குள் நின்றபடி கோமதி தலையை உயர்த்தினாள். வலது கையை வாயருகே கொண்டுபோனாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. முழு மூச்சையும் சேர்த்துக் குலவை போட்டாள். தோளோடு தோள் ஒட்டி நின்ற எனக்கே அது ஈனஸ்வரமாகத்தான் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை எனக்குத் தெரிந்த மட்டும் நானும் சேர்ந்துகொண்டேன். எனக்கு அது வராது; வெறும் ஊளையாகத்தான் இருந்திருக்கும். செண்பகம் எங்கள் இருவரையும் பார்த்து அழுதாள். அருவியின் இரைச்சல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டது. எட்டத்தில் நின்ற காவல்காரன் எங்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

தென்காசி ஸ்டேஷனில் ஏட்டையா எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார். பெட்டியை ஏற்றி, ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்து, வழிக்குத் திருவாதிரைக் களி ஒரு சட்டி வாங்கி வைத்திருந்தார். செண்பகத்தின் கன்னத்தைத் தட்டினார்.

"இந்த லீவும் சும்மா போச்சேட்டி. அடுத்த லீவு எங்களுக்குத்தான், பாத்துக்கோ" என்றார்.

செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் களிச் சட்டியின் மூடியைச் சரிசெய்தேன்.

வண்டி ஊதியது. கோமதி ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பிள்ளையின் பின்னலைப் பிடித்தாள். எண்ணெய் வைக்கச் சொன்னாள். சரி என்றது பிள்ளை. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு, "வாறேன், தங்கச்சி" என்றாள். போகிறவள் நான், அவள்தான் வருகிறேன் என்றாள்.

வண்டி நகர்ந்தது. ஏட்டையா தங்கையின் முகத்தை அப்போதுதான் நன்றாகப் பார்த்தார் போலும்.

"என்ன கோமதி, கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு?" என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

"அருவியில ரொம்ப நேரம் நின்னுட்டேன், அண்ணே" என்றாள்.

அவர் நம்பினார்.